மாஸ்க்கை நேசித்த மூக்கண்ணை

கொரோனாக் காலத்தில் மாஸ்க் போட்டவர்கள் உலகம் முழுக்கக் கோடிக்கணக்கில் இருப்பார்கள். அதைப் போட்டதில் ஆனந்தப்பட்டவர் ஒரே ஒருவர்தான். ஷார்ஜா ரோலாவில், பஸ் நிலையத்துக்குப் பின்சந்தில் ஓர் அத்தர் கடையில் என்னோடு வேலை பார்த்த மூக்கண்ணை. இந்தச் சனியனை எப்போது கழற்றுவோம் என்று ஊரே ஏங்கிக்கொண்டிருந்தபோது, இது ஆயுசுக்கும் இருக்கட்டும் என்று நல்லூர் முருகனிடம் நேர்ந்துகொண்ட மனிதர் அவர்.

யாழ்ப்பாணத்துக்காரர். சொந்தப் பெயர் பாஸ்போர்ட்டில் பத்திரமாக இருந்தது. வெளியே யாரும் அதைப் பயன்படுத்தியதில்லை. அண்ணனை அவர்கள் ஊரில் அண்ணை என்பார்கள்; அந்த மூக்கினால் எல்லோருக்கும் அவர் மூக்கண்ணை. கடையில் நான் கேஷ் கவுண்டர், அவர் விற்பனை. உண்மையில் அவருக்குச் சம்பளம் மூக்குக்குத்தான். மீதி உடம்பு சும்மா கூடவே வந்துபோனது. வாசலில் ஆள் நுழையும்போதே எந்த லேபர் கேம்ப், மத்தியானம் என்ன சாப்பாடு, துணிக்கு என்ன சோப்பு என்று சொல்லிவிடுவார். ஒருமுறை ஓமானின் சோஹாரிலிருந்து வந்த ஒருவரிடம், உங்கள் பெட்டிக்குள் ஊறுகாய் பாட்டில் உடைந்திருக்கிறது, உடனே போய்ப் பாருங்கள் என்றார். அந்த ஆளோ பெட்டியை நண்பர் ரூமில் வைத்துவிட்டு வெறுங்கையோடு வந்திருந்தார். ஓடிப்போய்த் திறந்தால், ஊருக்குக் கொண்டுபோக எடுத்த ஆறு புதுச்சட்டைகள் ஊறுகாயில் ஊறிக்கொண்டிருந்தன.

எங்கள் முதலாளி ஷார்ஜாக்காரர். அர்பாப் என்றுதான் கூப்பிடுவோம். அகில் எண்ணெயோடு ரோஜாவும் இன்னும் என்னென்னவோ வீட்டிலேயே கலந்து புதுப்புது அத்தர் செய்வது அவருடைய பொழுதுபோக்கு, கடை அதற்கொரு சாக்கு. வியாழக்கிழமைதோறும் ஒரு குப்பியோடு வருவார். மூக்கண்ணை முகர்ந்து தலையாட்டினால் அது அலமாரிக்குப் போகும். உதட்டைப் பிதுக்கினால் அர்பாப் மறுபேச்சில்லாமல் குப்பியை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவார்.

ஊரடங்கு முடிந்து கடையைத் திறந்தபோது முனிசிபாலிட்டியின் விதிகளும் வந்து சேர்ந்தன. கடைக்குள் யாரும் மாஸ்க்கை இறக்கக் கூடாது. கையில் தடவிப் பார்க்கக் கூடாது. தள்ளித் தள்ளி நிற்க வேண்டும். கல்லாவில் சானிடைசர் இருக்க வேண்டும். மீறினால் ஃபைன், அதற்கும் மசியாவிட்டால் கடைக்குப் பூட்டு. அத்தர் கடையில் மூக்கைத் திறக்கத் தடை என்றால் அப்புறம் என்னத்துக்குக் கடை என்று நான் தலையில் அடித்துக்கொண்டேன். மூக்கண்ணையோ விதித்தாளைக் கதவில் ஒட்டப் பசை தேடிக்கொண்டிருந்தார்.

அவருக்குக் காய்ச்சல் வந்து, தனி அறையில் கிடந்துவிட்டு அப்போதுதான் வேலைக்குத் திரும்பியிருந்தார். கடையில் ஆளில்லாத நேரம் பார்த்து அகில் எண்ணெய்க் குப்பியை மூக்கடியில் பிடித்தபடி என்னைப் பார்த்தார்.

"தம்பி, எனக்கு ஒண்டும் மணக்கேல்லை."

"சளியா இருக்கும்ண்ணே. சரியாயிடும்."

"சளி இல்லையடா. ராத்திரி கருவாடு சுட்டுப் பாத்தனான். அதுவும் மணக்கேல்லை. ஆரிட்டையும் சொல்லிப்போடாதை. மூத்தவள் இப்பதான் கம்பஸ் போறாள்."

கம்பஸ் என்றால் அவர்கள் பக்கம் பல்கலைக்கழகம். அந்த மாதங்களில் எல்லா உறுப்பும் சரியாக இருந்தவர்களையே கம்பெனிகள் டிக்கெட் கொடுத்து ஊருக்கு அனுப்பிக்கொண்டிருந்தன. மூக்குக்காக வைத்துக்கொண்ட ஆளிடம் மூக்கில்லை என்று தெரிந்தால் அர்பாப் எத்தனை நாள் வைத்திருப்பார்?

ஆகவே மாஸ்க் விதியை மூக்கண்ணை கெட்டியாகப் பிடித்துக்கொண்டார். ஒன்றின் மேல் ஒன்றாக இரண்டு மாஸ்க், அதற்கும் மேல் பிளாஸ்டிக் தகடு. யாராவது மாஸ்க்கை இறக்கினால் வாசனை பார்ப்பார்கள், வாசனை பார்த்தால் அவரிடம் கருத்துக் கேட்பார்கள் என்ற பயம். மூக்கு அரிக்கிறது என்று மாஸ்க்கைத் தூக்கிய ஒருவரைத் தெருவுக்கு அனுப்பி, சொறிந்து முடித்துவிட்டு வரச் சொன்னார். சோதனைக்கு வந்த இன்ஸ்பெக்டரையே, மூக்கு நுனி தெரிகிறது என்று மேலே இழுத்துவிடச் சொன்னார். எங்கள் சீட்டு கிழிந்தது என்று நினைத்தேன். இன்ஸ்பெக்டரோ, இந்தத் தெருவில் ஒழுங்கான கடை இது ஒன்றுதான் என்று அர்பாபுக்கே போன் போட்டுச் சொல்லிவிட்டுப் போனார். அர்பாப் பூரித்துப்போனார்.

விற்பனைக்கும் மூக்கண்ணை ஒரு வழி கண்டுபிடித்தார். பெரம்பலூர்ப் பக்கத்து ஆள் ஒருவர், முகராமல் எப்படி வாங்குவது என்று கேட்டார்.

"கண்ணை மூடிக்கொண்டு கேளுங்கோ. கலியாண வீடு. விடியப்புறம். மணவறைக்குப் பக்கத்தில சந்தனக் கிண்ணம். கலியாணப் பொம்பிளை இப்பதான் தலை முழுகிப்போட்டு உங்களைக் கடந்து போறா. அவ போனாப்பிறகு ஒரு வாசம் நிக்கும் பாருங்கோ, அதுதான் இந்தக் குப்பி."

கண்ணைத் திறந்தபோது அந்த ஆளுக்கு லேசாகக் கலங்கியிருந்தது. மூன்று குப்பி வாங்கினார். உள்ளே இருந்தது புதினா வாசனை. நான் கவுண்டரில் தலையைக் குனிந்துகொண்டேன்.

இன்னொரு நாள் கல்லாவில் இருந்த, லேபிள் உதிர்ந்த சானிடைசர் பாட்டிலையே எடுத்து, கடற்கரையில் மழைக்கு முந்தின காற்று என்று வர்ணித்து விற்றுவிட்டார். நான் பார்ப்பதற்குள் வாங்கியவர் பஸ் ஏறிவிட்டார். அடுத்த வாரம் அவர் நான்கு பேரோடு வந்து வாசலில் நின்றபோது, திருப்பிக் கொடுக்கப் பணத்தை எண்ணி எடுத்தேன். ரூமில் எல்லோருக்கும் பிடித்துவிட்டது, ஆளுக்கொன்று வேண்டும் என்றார்கள்.

அர்பாபைத்தான் சமாளிக்க முடியவில்லை. வியாழக்கிழமைக் குப்பி நின்றபாடில்லை. மாஸ்க்குக்கு மேலேயே முகர்ந்து சொல், உன் மூக்குக்கு அது போதும் என்பார். நாங்கள் ஒரு ஏற்பாடு செய்தோம். மூக்கண்ணை குப்பியை என் பக்கம் நீட்டியபடி பிடிப்பார்; நான் கவுண்டருக்குக் கீழே குனிந்து ரகசியமாக ஒரு இழுப்பு இழுப்பேன். நன்றாக இருந்தால் ஒரு இருமல், மோசமென்றால் இரண்டு.

உலகமே இருமலுக்குப் பயந்து ஒளிந்துகொண்டிருந்த நாளில் இருமலை சிக்னலாக வைத்த இரண்டு மேதைகள் நாங்கள்தான். அந்த வாரக் குப்பி படுமோசம். நான் இரண்டு முறை இருமினேன். மூக்கண்ணை வேண்டாமென்று தலையசைக்கத் திரும்பியபோது கடையில் அர்பாபைக் காணோம். எதிர்ப் பிளாட்பாரத்தில் நின்று, கடையைச் சாத்து, ரெண்டு பேரும் டெஸ்ட்டுக்குப் போங்கள் என்று கையால் சைகை காட்டிக்கொண்டிருந்தார். டெஸ்ட் எடுத்தவர் மூக்கண்ணையின் மூக்குக்குள் குச்சியை விட்டுக் குடைந்தபோது, வேலை செய்யாத மூக்குக்கு இவ்வளவு உபசாரமா என்று எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவர் என்னை முறைத்த முறைப்பு இன்னும் கண்ணில் நிற்கிறது. தொற்று இல்லை என்று வந்த பிறகு, பேனாவால் தட்டுவது என்று மாற்றிக்கொண்டோம். அப்படியே காலம் ஓடியது.

ஒரு நாள் கடைகளில் மாஸ்க் கட்டாயமில்லை என்று அறிவித்துவிட்டார்கள். பக்கத்துக் கடைக்காரர் தெருவுக்கே ஜிலேபி கொடுத்தார். மூக்கண்ணை மட்டும் இழவு விழுந்த வீட்டுக்காரராக ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார். அவரைத் தவிர ரோலாவில் எல்லோருடைய பல்லும் தெரிந்தது.

வியாழக்கிழமை அர்பாப் வெறும் முகத்தோடு, புதுக் குப்பியோடு வந்தார். அதைக் கழற்று, ஆசை தீர முகர்ந்து பார் என்றார். நான் பேனாவை எடுத்தேன். மூக்கண்ணை என்னைப் பார்த்து வேண்டாம் என்று தலையசைத்தார். மாஸ்க்கைக் கழற்றி மடித்து வைத்தார். குப்பியை முகரவேயில்லை.

"அர்பாப், மேரா நாக் கலாஸ்," என்றார். என் மூக்கு முடிந்தது என்று. பிறகு என்னைக் கைகாட்டி, இத்தனை நாளும் முகர்ந்தது இவன்தான் என்று அரைகுறை ஹிந்தியில் சொன்னார். பிழைப்பு போகிற நேரத்திலும் என் மூக்குக்குச் சிபாரிசு செய்துவிட்டுப் போகப் பார்த்தார்.

அர்பாப் குப்பியை எடுத்து என் கையில் கொடுத்தார். முகர்ந்தேன். எப்படி என்று கேட்டார். நன்றாக இருக்கிறது என்றேன். அர்பாபுக்கு முகம் சுருங்கிவிட்டது. நன்றாக இருக்கிறது என்று சொன்னால் யார் வாங்குவான் என்று மூக்கண்ணையைப் பார்த்தார். கடைக்கு வந்தவர்கள் இவ்வளவு நாளும் வாங்கியது உன் மூக்கையா, உன் வாயைத்தானே என்று கேட்டார். முகர்வது இவன், பேசுவது நீ, இரண்டு பேரும் இருங்கள், இனிமேல் என்னிடம் மறைக்காதீர்கள் என்று அதட்டிவிட்டுப் போனார். மூக்கண்ணை ஸ்டூலில் உட்கார்ந்து, முதல் காரியமாக மூத்த மகளுக்குப் போன் போட்டார். விஷயம் எதுவும் சொல்லவில்லை, சாப்பிட்டாயா என்று மட்டும் கேட்டார்.

பிறகு எனக்கு பஹ்ரைனில் வேலை கிடைத்து ஈசா டவுனுக்கு வந்துவிட்டேன். என் இடத்தில் இப்போது ஒரு மலையாளி மூக்கு. மூக்கண்ணைக்கு வாசனை இன்னும் திரும்பவில்லை. வெள்ளிக்கிழமையானால் போன் செய்வார். நலம் விசாரிப்பதெல்லாம் பிறகு.

"தம்பி, அங்கை இப்ப என்ன மணக்குது? வடிவாச் சொல்லு பாப்பம்."

நான் சொல்லச் சொல்ல, அந்தப் பக்கம் அவர் மூச்சை உள்ளே இழுப்பது எனக்குக் கேட்கும். அந்த மனிதர் மேல் எனக்கு அவ்வளவு பிரியம். ஒன்றுமே மணக்காத வெள்ளிக்கிழமைகளில், அடுப்பில் எதையாவது போட்டுத் தாளித்துவிட்டுத்தான் போனை எடுக்கிறேன்.