சங்கிலியோடு ஒரு படம்

பாதுகாப்பு என்ற ஒன்று உலகத்தில் இன்னும் மிச்சமிருக்கிறது என்றால், அது இந்த லாரிக் கொட்டகையில்தான் இருக்கிறது. இன்னும் துல்லியமாகச் சொல்வதானால், பாதுகாப்பு அதிகாரியின் அறையில், கண்ணாடிக் கதவு போட்ட அலமாரிக்குள், லேசாக எண்ணெய் தடவி வைக்கப்பட்டிருக்கிறது.

புல்டோசர், ரோலர் போன்ற கனத்த இயந்திரங்களை டிரெய்லரில் ஏற்றிக் கொண்டுபோய் இறக்குவது அந்தக் கம்பெனியின் தொழில். ஏற்றிய இயந்திரம் வழியில் அசையாமலிருக்க நான்கு மூலையிலும் இரும்புச் சங்கிலி போட்டு, நெம்பி இறுக்க வேண்டும் என்பது விதி. அப்படி இறுக்கியதைப் படம் எடுத்துத் தலைமை அலுவலகத்துக்கு அனுப்ப வேண்டும் என்பது உபவிதி. விதியை யார் வேண்டுமானாலும் கடைப்பிடித்துவிடலாம். உபவிதிக்குத்தான் ஆள் வேண்டும். நம் அதிகாரி அதற்கென்றே பிறந்தவர்.

தொடக்க காலத்தில் சங்கிலிகளும் வண்டியோடு போய்க்கொண்டுதான் இருந்தன. போன இடத்தில் சேறு பூசிக்கொண்டு, சிராய்ப்போடு திரும்பி வந்தன. அவற்றை வைத்து எடுத்த படத்தைப் பார்த்த தலைமை அலுவலகம், 'சங்கிலிகளின் தோற்றம் திருப்திகரமாக இல்லை' என்று ஒரு வரி எழுதிவிட்டது. அன்று அதிகாரிக்குச் சோறு இறங்கவில்லை. யோசித்து யோசித்து மூல காரணத்தைக் கண்டுபிடித்தார். சங்கிலியைக் கெடுப்பது சாலை. ஆகவே சங்கிலியைச் சாலைக்கு அனுப்பக் கூடாது.

அன்று முதல் புது ஏற்பாடு அமலுக்கு வந்தது. மஞ்சள் வண்ணம் அடித்த புதுச் சங்கிலிகள் வந்தன. வண்டியில் மாட்டுவார்கள், இறுக்குவார்கள், படம் எடுப்பார்கள். பிறகு கழற்றித் துடைத்து அலமாரிக்குள் வைத்துவிடுவார்கள். வண்டி நைலான் கயிற்றோடு கிளம்பும். அதற்குப் பின் தலைமை அலுவலகத்திடமிருந்து பாராட்டைத் தவிர வேறெதுவும் வந்ததில்லை.

சாலையில் மட்டும் சில சில்லறைச் சங்கதிகள் நடந்தன. சரிவில் இறங்கிக்கொண்டிருந்த ஒரு ரோலர் கயிற்றை அறுத்துக்கொண்டு முன்னால் நகர்ந்து, ஓட்டுநர் இருந்த பெட்டியை ஒரு இடி இடித்துவிட்டு, பக்கத்திலிருந்த முடிதிருத்தும் கடைக்குள் போய் நின்றது. 'விபத்து' என்பது அதிகாரிக்குப் பிடிக்காத சொல். 'முன்கூட்டிய இறக்கம்' என்று அறிக்கை எழுதினார். சரக்கு குறித்த நேரத்துக்கு முன்பே இறங்கிவிட்டது என்பதில் பொய் ஒன்றுமில்லையே. அந்த வண்டியை ஓட்டியவருக்கு இன்றுவரை இடது கை தோளுக்கு மேல் எழவில்லை. படத்தில் அது தெரியாது.

இப்படி எல்லாம் செவ்வனே நடந்துகொண்டிருந்த ஒரு காலையில், அதே சரிவு வழியாகக் குவாரிக்கு ஒரு புல்டோசர் போக வேண்டியிருந்தது. ஓட்டுநர், அதிகாரியின் மனைவிக்கு உடன்பிறந்த தம்பி. வேலை வாங்கிக் கொடுத்ததே அத்தான்தான் என்பதால் அவன் பொதுவாக எதிர்த்துப் பேசுவதில்லை. அன்றைக்குப் பேசினான். படம் எடுத்து முடித்துச் சங்கிலியைக் கழற்றப் போனவர்களை மறித்துக்கொண்டு நின்றான்.

"அத்தான், இன்னிக்கு ஒரு நாள் சங்கிலி இருக்கட்டும். மழையில சரிவு முழுக்கச் சகதி. கயிறு தாங்காது."

"கயிறு அறுந்து எந்தப் படத்துலயாவது பாத்திருக்கியா மாப்ள?"

"படத்துல எங்க அத்தான் கயிறு இருக்கு?"

"அதான் சொல்றேன். இல்லாத கயிறு எப்படி அறுந்துபோகும்?"

இந்தத் தர்க்கத்தைக் கேட்டும் அவன் விடவில்லை. வீட்டில் குழந்தை இப்போதுதான் நடக்க ஆரம்பித்திருக்கிறாள் என்றான். அதிகாரி கல் நெஞ்சக்காரர் அல்ல. அவருக்கும் மனசு இளகிவிட்டது. அவன் தோளில் கை வைத்து, "நல்லா நடக்கட்டும். மறக்காம ஒரு படம் எடுத்து வை" என்றார்.

ஓட்டுநர் வண்டிக்குப் பின்பக்கம் போனான். அங்கே நின்று தன் அக்காவோடு கொஞ்ச நேரம் போனில் பேசினான்.

சற்றைக்கெல்லாம் அதிகாரியின் போன் அடித்தது. தம்பியின் வண்டியை ஒழுங்காகக் கட்டியிருக்கிறதா என்று மனைவி கேட்டாள். அவருக்கு உச்சி குளிர்ந்துபோயிற்று. வீட்டில் அவருடைய உத்தியோகத்தைப் பற்றி யாரும் அக்கறையாகக் கேட்டதே இல்லை. வாயால் சொல்வானேன் என்று, நாலு பக்கமும் எடுத்த படங்களை அப்படியே அவளுக்கு அனுப்பி வைத்தார். அவள் திரும்பக் கூப்பிட்டாள்.

"பாத்தேங்க. துணி காயப்போட ஒரு கொடி கட்டுங்கன்னா, மறுநாளே அறுந்து விழுற மாதிரி கட்டுறவரு, இதை எவ்வளவு அம்சமா கட்டியிருக்கீங்க."

"பின்ன? இது ஆபீஸ் வேலையாச்சே."

"அதான், நீங்களும் அதுலயே ஏறிப் போயிட்டு வந்துருங்க. குவாரிக்குப் பக்கத்துலதான என் சித்தி வீடு. தையல் மிஷின் அங்கயே கிடக்கு. எடுத்துட்டு வாங்கன்னு எத்தனை தடவை சொல்றது?"

அதிகாரி தமக்குக் கூட்டம் இருப்பதாகச் சொன்னார். முதுகு வலிப்பதாகச் சொன்னார். லாரியில் போனால் குமட்டும் என்றார்.

"ஏங்க, வண்டி பத்திரமாத்தான இருக்கு?"

தலைமை அலுவலகம் இத்தனை ஆண்டுகளில் ஒருமுறைகூடக் கேட்காத கேள்வி அது. இல்லை என்றால் படம் பொய்யாகிவிடும். ஆமாம் என்றால் ஏறியாக வேண்டும். இருந்தாலும் படத்தை விட்டுக்கொடுக்க மனம் வரவில்லை.

"பத்திரம்தான்" என்றார், கிணற்றுக்குள்ளிருந்து பேசுகிற குரலில்.

வண்டிக்கு வந்தார். அதற்குள் சங்கிலியைக் கழற்றிக் கயிற்றைக் கட்டியிருந்தார்கள். கயிற்றை ஒரு விரலால் இழுத்துப் பார்த்தார். இரண்டு இடங்களில் திரி திரியாகப் பிரிந்திருந்தது. ஒரு இடத்தில் முடிச்சுக்கு மேல் முடிச்சு. புல்டோசரை நிமிர்ந்து பார்த்தார். அது இவ்வளவு பெரிய பண்டம் என்பது அதுவரை அவர் கவனத்துக்கு வந்ததே இல்லை. படத்தில் அது உள்ளங்கைக்குள் அடங்கிவிடும்.

"என்ன மாப்ள, இந்தக் கயிறு இப்படி இருக்கு?"

"எப்பவும் கட்டுறதுதான் அத்தான்."

"சரிவுல அறுந்துட்டா?"

"முன்கூட்டிய இறக்கம்" என்றான் ஓட்டுநர், மிகுந்த மரியாதையோடு.

அதிகாரி அலமாரிக்கு ஓடினார். சங்கிலிகளைத் தாமே தோளில் போட்டுக்கொண்டு வந்தார். சட்டையெல்லாம் எண்ணெய். புல்டோசரின் முன் தகட்டை டிரெய்லரின் தளத்தில் படிய இறக்கச் சொன்னார். பட்டைச் சக்கரங்களின் அடியில் ஒட்டியிருந்த மண் வழுக்கும் என்று ஓட்டுநர் சொன்னதும், ஒரு இரும்புத் துண்டை எடுத்துத் தாமே சுரண்டினார். ஒவ்வொரு மூலையிலும் சங்கிலியைக் குறுக்காக இழுத்து மாட்டி, நெம்புகோலில் தொங்கி இறுக்கினார். இவை எல்லாம் பாதுகாப்பு விதிகளில் தெளிவாக எழுதியிருந்தவைதான். எழுதியவரும் அவர்தான். அதையெல்லாம் செய்யவும் முடியும் என்பது அவருக்கே புதுச் செய்தியாக இருந்தது.

வழியெல்லாம் வண்டியை நிறுத்தி நிறுத்தி இறங்கி, சங்கிலி தளர்ந்திருக்கிறதா என்று தட்டிப் பார்த்தார். சரிவின் பாதியில் ஒரு வேன் குறுக்கே வந்தது. ஓட்டுநர் பிரேக்கை மிதித்தான். சகதியில் டிரெய்லர் ஒரு பக்கமாக இழுத்தது. பின்னால் புல்டோசர் முனகியது. சங்கிலிகள் விண்ணென்று விறைத்து, பிடித்துக்கொண்டன. அதிகாரி கண்ணை இறுக மூடிக்கொண்டு, கை தூக்க முடியாத அந்தப் பழைய ஓட்டுநரை நினைத்தார். பாவம், எப்படிப் பயந்திருப்பான் என்று உண்மையாகவே நினைத்தார்.

புல்டோசர் பத்திரமாக இறங்கியது. தையல் மிஷின் பத்திரமாக ஏறியது.

மறுநாள் காலை தொழிலாளர்களைக் கூட்டி வைத்துப் பேசினார். சங்கிலி என்பது இரும்பு அல்ல, உயிர் என்றார். நானே அனுபவித்து அறிந்தேன் என்றார். அதில் நடிப்பு கொஞ்சம்கூட இல்லை. கேட்டவர்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். எல்லோரையும்விடப் பலமாகக் கைதட்டியது மச்சினன்தான். அக்காவின் உதவியால் ஒரு வழியாக அத்தானுக்குப் புத்தி வந்துவிட்டது என்று அவன் நம்பினான்.

கூட்டம் முடிந்ததும் அவன் வண்டியில் ஒரு ரோலரை ஏற்றினார்கள். அதே சரிவு, அதே சகதி. அவன் நேராக அத்தானின் அறைக்குப் போய்க் கையை நீட்டினான்.

"அத்தான், சங்கிலி குடுங்க."

அதிகாரி சங்கிலியில் ஒட்டியிருந்த சேற்றைத் துணியால் துடைத்துக்கொண்டிருந்தார். நிமிர்ந்து பார்த்தார். அவர் முகத்தில் கோபமோ கள்ளமோ இல்லை. அவன் என்ன கேட்கிறான் என்பதே அவருக்கு விளங்கவில்லை.

"எதுக்கு மாப்ள? இன்னிக்கு நான் வரலியே."