கணுக்கால் வெள்ளம்

வெள்ளம் வடிந்த ஊர்களில் சேறு, கொசு, தண்ணீர் புகுந்து செத்துப்போன மோட்டார் என்று பலதும் மிஞ்சும். கூடவே ஒரு மனித வகையும் தலைகாட்டும். அதற்குக் கணுக்கால்காரர் என்று பெயர் வைப்போம்.

நீங்கள் பார்த்திருப்பீர்கள். நிவாரணம் எழுத வந்தவர்களிடம் இவர் தண்ணீர் கழுத்துவரை வந்தது என்பார். சொல்லும்போதே கையைக் கழுத்தில் வைத்து, கண்ணையும் கொஞ்சம் பிதுக்கிக் காட்டுவார். சில வாரம் கழித்து, வெள்ளம் எங்கெங்கே புகுந்தது என்று புது வரைபடம் போட வேறு ஆட்கள் வருவார்கள். அவர்களிடம் அதே மனிதர், அதே வாசலில் நின்றபடி, குனிந்து கணுக்காலைத் தொட்டுக் காட்டுவார். இடையில் அவர் வளர்ந்துவிட்டாரா? அதெல்லாம் இல்லை. வரைபடத்தில் சிவப்பு விழுந்த இடத்தில் இனிமேல் புது வீடு கட்ட அனுமதி கிடையாது என்று யாரோ அவர் காதில் போட்டுவிட்டார்கள்.

அதற்காக அவரை வரைபடத்துக்கு எதிரி என்று நினைத்துவிடாதீர்கள். அவர்தான் அதற்கு முதல் ஆதரவாளர். டீக்கடையில் உட்கார்ந்து, ஆற்றோரம் கட்டடம் கட்டியவர்களை எல்லாம் பெயர் சொல்லித் திட்டி, வாய்க்காலை மறித்தவன் எவன், ஏரியைத் தூர்த்தவன் எவன் என்று வம்சாவளியோடு எடுத்துவைத்து, சட்டத்தை இன்னும் கடுமையாக்க வேண்டும் என்று கண்ணாடி டம்ளரை நங்கென்று வைப்பார். சட்டம் வேண்டும். கோடு வேண்டும். அந்தக் கோடு தன் வேலிக்கு அந்தப் பக்கம் நின்றுவிட வேண்டும். அவ்வளவுதான் அவர் கேட்பது.

கள்ளக்குறிச்சிக்குக் கிழக்கே, கோமுகி ஆறு இடுப்பை வளைத்துத் திரும்புகிற ஓர் ஊரில் இந்த வகையின் முதல்தரமான மாதிரி ஒருவர் இருக்கிறார். பெயர் சுப்புராயன். கரும்பும் நெல்லும் போடுகிறவர், வெள்ளை மனசுக்காரர், யாருக்கும் கெடுதல் நினைக்காதவர். போன கார்த்திகைக் கடைசியில் கல்வராயன் மலையில் விடாமல் கொட்டிய மழை ஆற்றோடு இறங்கி வந்து அவருடைய தெருவுக்குள் புகுந்தது. ஆடு போயிற்று, மூட்டை நெல் முளைத்தது, கிரைண்டர் மிதந்தது. இதெல்லாம் நிவாரணக் கணக்கில் அவரே எழுதவைத்தது.

அவருக்கு ஒரே மகள், விஜயலட்சுமி. உளுந்தூர்பேட்டையில் புருஷனோடு வாடகை வீட்டில் இருக்கிறாள். பிரசவத்துக்கு வந்தவள் கைக்குழந்தையோடு இன்னும் அப்பா வீட்டில்தான் இருக்கிறாள். வீட்டை ஒட்டி, ஆற்றுப் பக்கம் சரிகிற மனையில் அவளுக்கு ஒரு வீடு கட்டிக்கொடுத்துவிட வேண்டும். வாசலில் நின்று கூப்பிட்டால் மகள் 'இன்னாப்பா' என்று கேட்க வேண்டும். சுப்புராயனுக்கு இந்த வயதில் வேறு ஆசை கிடையாது. அந்த ஆசையின் தலையில்தான் சிவப்பு மை விழப்பார்த்தது. மனிதர் பாவம், தூக்கம் போய்விட்டது.

தூக்கம் போனவருக்கு யோசனை வரும். வந்தது. சுவரில் வெள்ளத்தின் கறை பழுப்பாக நின்றதை அவர் அப்போதுதான் சரியாகப் பார்த்தார். இது இருக்கிறவரைக்கும் கணுக்காலைத் தொட்டுக் காட்டி என்ன பயன்? உடனே சுண்ணாம்பைக் கரைத்தார்.

இங்கேதான் அவர் மனைவி கொளஞ்சியம்மாள் குறுக்கே வந்தாள். "தோ, பொங்கல் வந்துகினு கீது. அப்ப முழுசா அடிக்கத்தான் போற. இப்ப எதுக்கு மேல வரைக்கும்? கறை மறையற மட்டும் அடி, போதும்."

நியாயமான பேச்சு. பொங்கலுக்கு வெள்ளையடிக்காத வீடு அந்தப் பக்கத்தில் உண்டா? இப்போது ஒருமுறை, பொங்கலுக்கு ஒருமுறை என்று முழுச் சுவருக்கும் அடிக்க யாருக்கு என்ன தலையெழுத்து? சுப்புராயன் கறை நிற்கிற இடம்வரை, அதற்குமேல் ஒரு விரல்கூட ஏறாமல், சுத்தமாக அடித்துமுடித்தார். எதிர்வீட்டுக்காரர் பார்த்தார். 'சுப்புராயன் செய்தால் காரணம் இருக்கும்' என்று அவரும் கரைத்தார். அப்புறம் அடுத்த வீடு, அதற்கடுத்த வீடு. எல்லா வீட்டிலும் பொங்கல் வரத்தான் போகிறது; எல்லா வீட்டிலும் கறைவரைக்கும்தான் அடித்தார்கள்.

அளக்க வந்த பொறியாளர் கோகிலவாணி ஜீப்பை விட்டு இறங்கி, தெருமுனையில் அப்படியே நின்றுவிட்டாள். பம்புசெட்டில் குளிக்கப் போகிற பெண்கள் பாவாடையை மார்புக்கு மேலே இழுத்துக் கட்டிக்கொண்டு நிற்பதுபோல, இரண்டு பக்கமும் வீடுகள் வரிசையாக நின்றன. கீழே பளீரென்று வெள்ளை. மேலே பழைய அழுக்கு. நடுவில் நூல் பிடித்த மாதிரி ஒரு கோடு.

"தண்ணி எதுவரைக்கும் வந்துச்சிங்க ஐயா?"

சுப்புராயன் குனிந்து கணுக்காலைத் தொட்டார். "இம்மாம்தான் மேடம். வந்துச்சி, போச்சி."

அவள் நிமிர்ந்து சுவரைப் பார்த்தாள். அளவுகோலை வெள்ளை முடிகிற இடத்தில் நிறுத்திக் குறித்துக்கொண்டாள். அடுத்த வீட்டிலும் அதேபோல. இரண்டு நாள் வேலை என்று வந்தவர்கள் மத்தியானச் சாப்பாட்டுக்குக் கள்ளக்குறிச்சிக்கே திரும்பிவிட்டார்கள். "இவ்ளோ தெளிவா எந்த ஊருலயும் கிடைக்கலைங்க" என்று நன்றி வேறு சொல்லிவிட்டுப் போனாள். தெரு முழுக்க அன்றைக்கு சுப்புராயனைப் பார்த்த பார்வை இருக்கிறதே, அதை இங்கே எழுதுவதற்கில்லை.

இதோடு ஒருவர் அடங்கிவிடுவார் என்று நினைக்கிறீர்களா? அப்படி அடங்கினால் அவர் கணுக்கால்காரரே இல்லை. தோற்ற பிறகுதான் இந்த வகைக்கு வாதம் ஊறும்.

பஞ்சாயத்துக் கட்டடத்தில் வரைபடத்தை விரித்து, ஆட்சேபணை இருந்தால் சொல்லுங்கள் என்றார்கள். சுப்புராயன் சலவை வேட்டியில் வந்து முதல் வரிசையில் உட்கார்ந்தார். வந்தது ஆற்று வெள்ளமே இல்லை, மேலே எங்கேயோ ஏரி உடைந்த தண்ணீர் என்றார். பெய்தது மலையில், ஆகவே படத்தை மலைக்குப் போடுங்கள் என்றார். இது நூறு வருஷத்துக்கு ஒருமுறை வருகிற வெள்ளம் என்று கோகிலவாணி சொல்லி வாயை மூடுவதற்குள், "அப்பிடிப் போடுங்க! அதான் வந்துட்டுப் போயிடுச்சே, இன்னும் நூறு வருசத்துக்கு இன்னா கவலை?" என்றார். ஒவ்வொரு வருஷமும் அது வருவதற்கு நூற்றில் ஒரு பங்கு வாய்ப்பு உண்டு, போன வருஷம் வந்ததற்காக இந்த வருஷம் விடுமுறை எடுக்காது என்று அவள் விளக்கினாள். அவர் தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டுவிட்டு, தன் காரியத்துக்கு வந்தார்.

எழுந்துபோய்ப் படத்தில் விரலை வைத்தார். "கோடு இப்டியே வரட்டும் மேடம், நான் வேணாம்ங்கல. எங்க மனைக்கிட்ட வரும்போது லேசா இப்டி ஒரு வளைப்பு." விரல் அவருடைய மனையைச் சுற்றிக்கொண்டு போய், ஊருக்கு மேற்கே கல்லாங்குத்தில் ஏறி நின்றது. பாறையும் முள்ளும் கிடக்கிற மேடு. எதுவும் விளையாது என்பதால் கூலிவேலை செய்கிறவர்களுக்குத் தொகுப்பு வீடு கட்ட விட்டுவைத்த இடம்.

"அது மேடுங்க ஐயா. தண்ணி அங்க எப்படி ஏறும்?"

"வெள்ளத்துக்கு மேடு பள்ளம் இன்னாம்மா தெரியும்?"

கூட்டம் சிரித்தது. பின்வரிசையில் இருந்த குஞ்சம்மாள் சிரிக்கவில்லை. கல்லாங்குத்தில் முதல் வீடு அவளுடையது. கரும்பு வெட்டுகிறவள், வெட்டுகிற மாதிரியே பேசுவாள். "ண்ணா, தண்ணி எங்க வூட்டுக்கு வந்துச்சின்னா சொல்றீங்க? அன்னிக்குப் பொழுதன்னிக்கும் எங்க மொட்டமாடியில குந்திகினு இருந்தது யாரு?"

சுப்புராயன் இருமினார். இருமல் நீண்டது.

அப்போதுதான் விஜயலட்சுமி எழுந்தாள். அப்பாவுக்குத் துணையாக வந்தவள், தோளில் குழந்தையைப் போட்டுக்கொண்டு கதவோரம் உட்கார்ந்திருந்தாள்.

"மேடம், கோட்டை எங்கியும் வளைக்காதீங்க. எங்க மனை மேலயே போகட்டும்."

"தே, நீ உக்காரு. உன் வூட்டுக்குத்தான் பேசிகினு இருக்கேன்."

"எனக்கு அங்க வூடு வேணாம்ப்பா."

அவர் முகம் விழுந்துவிட்டது. அவள் அவரைப் பார்த்துத்தான் பேசினாள், குரல் உயரவில்லை.

"புள்ளய கூடையில வெச்சி, நீ தலைமேல தூக்கிகினு வந்த. தண்ணி உன் வாய் மட்டும் இருந்துச்சி. ஒரு தடவ வழுக்குன. நான் பின்னாடியே வந்தேன்ப்பா, எனக்குத் தெரியும். அந்த எடத்துல வூட்டைக் கட்டிக் குடுத்தா, அடுத்த தபா தூக்கினு வர உனக்குத் தெம்பு இருக்குமா? மேட்டுல, இவுங்க வூட்டுக்குப் பக்கத்துல நம்ம நெல்லடிக்கிற களம் சும்மாதான கெடக்குது. அங்க கட்டிக் குடு."

"அங்கியா? அது காலனி பக்கம் ஆச்சே."

"மாடியில குந்தும்போது அது காலனின்னு பாத்தியா?"

யாரும் சிரிக்கவில்லை. குஞ்சம்மாள் மட்டும் தலையைக் குனிந்துகொண்டாள். சுப்புராயன் மகள் தோளில் கிடந்த குழந்தையைப் பார்த்தார். கடைசியில், "மேட்டுலருந்து கூப்ட்டா காது கேக்காதே" என்றார். இத்தனை நாளில் அவர் சொன்ன முதல் உண்மை அதுதான். கோடு வளையவில்லை. மாசியில் களத்தில் மகள் வீட்டுக்குக் கடைக்கால் தோண்டினார்கள்.

நல்லது. இவ்வளவு நேரம் நீங்கள் சிரித்ததும் எனக்குத் தெரியும், உங்கள் சித்தப்பாவையோ மச்சானையோ நினைத்துத்தான் சிரித்தீர்கள் என்பதும் தெரியும். உங்கள் ஊருக்கும் ஒருநாள் அந்தப் படம் வரும். மேசையில் விரிப்பார்கள். ஆற்றையும் பார்க்க மாட்டீர்கள், ஏரியையும் பார்க்க மாட்டீர்கள். கண் நேரே உங்கள் மனையைத் தேடிக்கொண்டு ஓடும். பக்கத்து மனை சிவப்பாக இருந்து உங்களுடையது தப்பியிருந்தால், 'பரவாயில்லையே, ஒழுங்காகத்தான் அளந்திருக்கிறார்கள்' என்பீர்கள். உங்களுடையதும் சிவப்பாக இருந்தால் வாயைத் திறப்பதற்கு முன்னால், அங்கே கட்டுகிற வீட்டில் யாரைக் குடிவைக்கப் போகிறீர்கள் என்று ஒருமுறை திரும்பிப் பாருங்கள்.