யாரைப்போலவும் இல்லாதவர்கள்

ஸ்ரீபெரும்புதூரிலிருந்து ஒரகடம் வரை வாடகை அறைகளில் வசித்துவரும் உயிரினங்களில் 'யாரைப்போலவும் இல்லாதவர்' என்று ஒரு வகை உண்டு. நீங்கள் பார்த்திருப்பீர்கள், ஆனால் அடையாளம் கண்டிருக்க மாட்டீர்கள். கம்பெனிச் சீருடையில் அவரும் எல்லோரையும் போலத்தான் இருப்பார். ஷிஃப்ட் முடிந்து வந்து, சீருடையைக் கழற்றிக் கொடியில் போட்டுவிட்டு, கறுப்பு டி-ஷர்ட் ஒன்றை மாட்டுவார் பாருங்கள், அப்போதுதான் இனம் தெரியும். அதன் நெஞ்சில், மரத்தை வேரோடு பிடுங்கிப் போட்டது போல ஒரு எழுத்து இருக்கும். என்னங்க எழுதியிருக்கிறது என்று கேட்டால், உங்களுக்குப் புரியாது என்பார். புரியக் கூடாது என்பதற்காகத்தானே அவ்வளவு விலை கொடுத்து வாங்கியிருக்கிறார்?

இந்த வகையில் கிளைகள் பல. யாரும் போகாத மலைக்குப் போய், எல்லோரும் நிற்கும் பாறையில் நின்று, எல்லோரும் எடுக்கும் படத்தை எடுத்துக்கொண்டு வருபவர் ஒரு கிளை. கூட்டம் போகும் படத்துக்குப் போக மாட்டேன் என்று சொல்பவர்களின் கூட்டத்தில் இருப்பவர் இன்னொரு கிளை. இவர்களை எல்லாம் விட்டுவிடுவோம். இந்த மரத்தின் உச்சாணிக் கொம்பில் உட்கார்ந்திருப்பவர், பிளாக் மெட்டல் என்ற இசையைத் தன்னந்தனியாகச் செய்பவர். கேட்டிராத புண்ணியவான்களுக்காக ஒரு வார்த்தை. கிதார் தேன்கூட்டைக் கலைத்தது போல இரையும், டிரம் தகரக் கூரையில் கல்மழை கொட்டுவது போல விழும், நடுவில் ஒருவர் தொண்டை கிழியக் கத்துவார். சாவு, இருட்டு, பனி, இவைதான் விஷயம். கிதார் வாசிப்பவர் அவர், கத்துபவர் அவர், டிரம் அடிப்பது அவருடைய கம்ப்யூட்டர். ஆனாலும் இதற்குப் பெயர் குழு. இன்னொருவரைச் சேர்த்துக்கொண்டால் குழுவின் தனித்துவம் கெட்டுவிடும்.

தென்காசிப் பக்கத்திலிருந்து வந்து, இருங்காட்டுக்கோட்டையில் கார் சீட்டுக்கு உறை மாட்டும் லைனில் வேலை பார்த்துக்கொண்டு, பென்னலூரில் அந்தோணிராஜ் என்ற தூத்துக்குடிக்காரரோடு ஓர் அறையில் தங்கியிருந்த சுடலைக்கண்ணு அப்படிப்பட்ட ஒரு குழு. இது 2012 வாக்கில் நடந்தது. சுடுகாட்டைக் காக்கும் சாமியின் பெயரைப் பெற்றோர் பிறந்த அன்றே இலவசமாக வைத்திருக்கிறார்களே, சாவைப் பாடுகிறவருக்கு இதைவிடப் பொருத்தமான பெயர் கிடைக்குமா? கிடைக்காது. ஆனால் அது அவருக்குப் பட்டிக்காட்டுப் பெயராகப் பட்டது. ஆகவே குளிர்காலமும் கல்லறையும் கலந்து வருகிற மாதிரி ஆங்கிலத்தில் ஒரு பெயரைச் சூட்டிக்கொண்டார். இந்த இசை செழித்த நார்வேயில் அந்த மாதிரிப் பெயர் கொண்டவர்கள் தடுக்கி விழுந்தால் அகப்படுவார்கள். பென்னலூரில் அவர் ஒருவர்தான்.

பாட்டெல்லாம் பனிக்காட்டைப் பற்றி. சித்திரை வெயிலில், மின்விசிறியும் ஓடாத அறையில், வேர்வை சொட்டச் சொட்ட அவர் உறைபனியில் விறைத்துச் சாவார். ஏடிஎம் அறைக்குள் அடிக்கும் குளிர்தான் அவர் வாழ்நாளில் கண்ட கடுங்குளிர். பிணம் போலத் தெரிவதற்காக முகத்தில் பவுடரும் கண்மையும் அப்பிக்கொண்டு, சிப்காட் மனைகளுக்குப் பின்னால் இருக்கும் சீமைக் கருவேலங்காட்டில் கைகட்டி நின்று படம் எடுத்துக்கொண்டார். உயர் அழுத்தக் கம்பிக் கோபுரம் படத்தில் விழாதபடி அந்தோணிராஜ் செல்போனை அப்படியும் இப்படியும் சாய்த்துப் பார்த்துக்கொண்டிருந்தபோது, ஆடு மேய்த்துக்கொண்டு வந்த ஓர் அம்மாள், எந்த ஊரில் நாடகம், எத்தனை மணிக்கு என்று விசாரித்துவிட்டுப் போனாள். மை வழிந்து கழுத்துக்கு வந்திருந்தது. அதுவும் நல்லதுதான் என்று சுடலைக்கண்ணு விட்டுவிட்டார்.

யாரைப் பார்த்து இதையெல்லாம் கற்றுக்கொண்டீர்கள் என்று மட்டும் கேட்டுவிடக் கூடாது. தனக்கு யாருடைய பாதிப்பும் கிடையாது என்பார். லேப்டாப்பில் மற்றவர்களுடைய பாட்டு நிரம்பி வழியும், தன் பாட்டைச் சேமிக்க இடமில்லாமல் திண்டாடுவார், ஆனால் பாதிப்பு கிடையாது. பாட்டு நன்றாக இருக்கிறது என்று யாராவது சொன்னால் முகம் சுருங்கும். சொன்னவரை ஒரு வாரம் சந்தேகத்தோடு பார்ப்பார். கூட்டத்துக்குப் பிடித்துவிட்டால் அது கலையா? ஆனால் ஷிஃப்டுக்குக் கிளம்புவதற்கு முன்னால், இணையத்தில் எத்தனை பேர் கேட்டிருக்கிறார்கள் என்று பார்க்காமல் அவருக்குப் பல் தேய்க்க ஓடாது. ஏறியிருந்தால் உலகம் தன்னை விலைக்கு வாங்கப் பார்க்கிறது என்று வருந்துவார். ஏறாமலிருந்தால் இன்னும் அதிகமாக வருந்துவார்.

இவ்வளவு கேலிக்கும் நடுவில் ஒரு நியாயத்தைச் சொல்லியாக வேண்டும். ஒரே நிறச் சட்டை, ஒரே தொப்பி, ஒரே பஸ், ஒரே சாம்பார், நாள் முழுக்க ஒரே சீட்டுக்கு ஒரே உறை. அவர் ஒரு நாள் லீவு போட்டால் அந்த இடத்தில் வேறொருவர் நிற்பார், சீட்டுக்கு வித்தியாசம் தெரியாது. சூப்பர்வைசருக்கும் தெரியாது. அப்படி வாழ்கிற ஒருவன், இந்த ஒன்றாவது என்னுடையதாக இருக்கட்டும் என்று ஆசைப்பட்டால் அதில் என்ன தப்பு? ஒரு தப்பும் இல்லை. யாருக்கும் வரக்கூடிய ஆசை அது. அதற்காக அவர் தேர்ந்தெடுத்த வழியைப் பார்த்துச் சிரிக்காமல் இருக்க முடியாது, அவ்வளவுதான்.

இந்த ஆசைக்கு ஒரு நாள் ஆபத்து வந்தது. பெங்களூரில் இந்த இசைக்காகவே இன்னமும் கேசட் வெளியிடுகிற ஒருவர், ஊருக்கு ஒரு குழுவாகச் சேர்த்து ஒரு தொகுப்பு கொண்டுவரப் போவதாகச் சொல்லி, சுடலைக்கண்ணுவிடம் பாட்டு கேட்டார். கூடவே, உங்கள் பக்கத்தில் இன்னொருவரும் இருக்கிறாரே, இரண்டு பேரையும் போட முடியாது, யாருடையது அசல் என்று உங்களுக்குள்ளேயே பேசி முடிவு செய்துகொள்ளுங்கள் என்றார். இன்னொருவரா? சுடலைக்கண்ணுவுக்கு அன்று சோறு இறங்கவில்லை. விசாரித்ததில் ஆள் ஒரகடத்துக்காரர், ஹேமந்த் என்று பெயர், அவரும் ஒரு கம்பெனி லைனில்தான் நிற்கிறார் என்று தெரிந்தது. அவருடைய குழுவின் பெயரில் கல்லறை முதலில் வந்தது, குளிர்காலம் பின்னால் வந்தது.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் ஸ்ரீபெரும்புதூரில் ஒரு பேக்கரியில் சந்திப்பு. இருவரும் கறுப்பு டி-ஷர்ட்டில் வந்தார்கள். இருவரும் கம்பெனி விதி எவ்வளவு விடுமோ அவ்வளவு முடி வளர்த்திருந்தார்கள். இருவரும் பால் இல்லாத டீ சொன்னார்கள், இருவருக்கும் அது பிடிக்கவில்லை என்பது முகத்தில் தெரிந்தது. இந்தப் பகுதியில் இதை முதலில் செய்தது தான்தான் என்று ஹேமந்த் ஆரம்பித்தார். தான் யாரையும் பார்த்துச் செய்யவில்லை, உள்ளேயிருந்து வந்தது என்றார் சுடலைக்கண்ணு.

"எனக்கும் உள்ள இருந்துதான் ப்ரோ வந்துச்சு," என்றார் ஹேமந்த்.

தீர்ப்புச் சொல்ல அந்தோணிராஜை உட்கார வைத்திருந்தார்கள். சர்ச் பாட்டைத் தவிர வேறெதுவும் கேட்காதவர், ஆகவே நடுநிலையானவர். இருவரும் தங்கள் பாட்டை அவருடைய செல்போனில் ஏற்றியிருந்தார்கள். சுடலைக்கண்ணுவுடையது முந்தின நாள் சாயங்காலம்தான் அவசரம் அவசரமாகக் கத்தி முடித்தது. அந்தோணிராஜ் முதலில் கைக்கு வந்த பாட்டை ஓடவிட்டார்.

தேன்கூடு கலைந்தது. ஹேமந்த் கண்ணை மூடிக்கொண்டு, இது என்னுடையது என்று தலையை ஆட்ட ஆரம்பித்தார். இது ஒரு கிழட்டு ஓநாய் பனியில் தனியாகச் செத்துப்போகிற கட்டம், இதை எழுதும்போது தான் அழுதுவிட்டதாகவும் சொன்னார். திரையில் வேரோடு பிடுங்கிப் போட்டது போலக் கிடந்த எழுத்தை ஒரு முறை கண்ணைத் திறந்து பார்த்துவிட்டு மறுபடி மூடிக்கொண்டார். அது அவர் பெயராகத்தான் தெரிந்தது. செல்போனைத் திருப்பிப் பிடித்திருந்தாலும் அவர் பெயராகத்தான் தெரிந்திருக்கும்.

சுடலைக்கண்ணு விடுவாரா? அந்தப் பாட்டைத் துவைத்துக் காயப்போட்டார். கிதாரா இது, பத்துப் பேர் வாசித்துப் போட்ட எச்சில். டிரம்மா இது, கம்ப்யூட்டரில் வாங்கும்போதே உள்ளே கிடக்கிற தாளம், அதை மாற்றக்கூடத் தெரியவில்லை. கத்தலில் உயிரே இல்லை, நார்வேக்காரனுக்குச் சளி பிடித்தது போல இருக்கிறது. ஒரு விமர்சகர் இதைவிட நுட்பமாகச் சொல்லியிருக்க முடியாது என்பதையும், சொன்னது அத்தனையும் உண்மை என்பதையும் இங்கே ஒப்புக்கொள்ள வேண்டும்.

"இத அசலுன்னு சொல்லுததுக்கு ஒரு தைரியம் வேணும்ங்க," என்று அவர் முடித்தார்.

அந்த நேரம் பார்த்து, கல்மழைக்கும் கத்தலுக்கும் நடுவே, பாட்டுக்குள்ளேயிருந்து ஒரு பெண் குரல் எழுந்தது.

"டேய் சொடலக்கண்ணு, டேங்க்கு ரொம்பி ஊத்திகினு கீது. மோட்டார நிறுத்துடா. எவன் அப்பன் வூட்டு கரண்ட்டு?"

வீட்டுக்கார அம்மாள் சந்திரம்மாளின் குரல் அது. மோட்டாரைப் போட்டுவிட்டு, காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு பனிக்காட்டுக்குள் போய்விட்ட மனிதருக்கு அது அப்போது கேட்கவில்லை. பிறகு போட்டுக் கேட்டபோதும் கேட்கவில்லை, ஏனென்றால் தன் பாட்டில் தன்னைத் தவிர வேறு எதையும் கேட்டு அவருக்குப் பழக்கமில்லை. அந்தப் பாட்டு முழுவதிலும் தெளிவாக விளங்கிய வாக்கியங்கள் அவை மட்டும்தான். பப்ஸ் தின்றுகொண்டிருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். கல்லாவில் இருந்தவர் சிரித்தார். ஹேமந்த் கண்ணைத் திறந்தார். யாருடைய ஓநாய்க்காக அழுதோம் என்று யோசித்தாரோ என்னவோ, ஆட்டிக்கொண்டிருந்த தலையை நிறுத்தினார்.

ஆனால் அந்த மனிதரிடம் ஒரு பெருந்தன்மை இருந்தது. தன்னுடையதை அனுப்பப் போவதில்லை என்று அவரே ஒதுங்கிக்கொண்டார்.

"ப்ரோ, சத்தியமா சொல்றேன், இந்தப் பொம்பள கத்தற மாதிரி ஒண்ண நான் எந்த பாட்டுலயும் கேட்டதில்ல. கெடுத்துடாத. அப்டியே அனுப்பு."

"ஏல, அவரு சொல்லுதது சரிதாம்ல," என்றார் அந்தோணிராஜ். "அந்த எடத்துலதான் எனக்கே நீன்னு தெரிஞ்சிச்சு."

சுடலைக்கண்ணுவின் முகம் செத்துப்போயிருந்தது. தேடித் தேடி அலைந்த பொருள் மடியில் வந்து விழுந்திருக்கிறது. உலகத்தில் வேறு எந்தக் காட்டிலும் கேட்காத ஒரு குரல், அவர் பெயரைச் சொல்லியே கூப்பிடுகிறது. அவர் என்ன செய்திருப்பார் என்று நினைக்கிறீர்கள்? அது பாட்டில் இல்லை, தவறுதலாக விழுந்துவிட்டது என்று இருவரிடமும் மன்னிப்புக் கேட்டார். அறைக்குத் திரும்பி, ஜன்னலைச் சாத்தி, இடுக்குகளில் பழைய சீருடைகளைத் திணித்து, மோட்டார் பக்கமே போகாமல், மறுபடி முதலிலிருந்து கத்தினார். ஒரு குறை இல்லாமல் வந்தது. சுத்தமாக, கச்சிதமாக, நார்வேயிலிருந்து வந்தது போலவே இருந்தது. அதைத்தான் பெங்களூருக்கு அனுப்பினார்.

சில மாதம் கழித்துக் கேசட் வந்தது. கேசட் போடுகிற கருவி அந்த வட்டாரத்தில் யாரிடமும் இல்லாததால், ஆடி மாதம் அம்மன் பாட்டுப் போடுவதற்காக டீக்கடை ஐயனார் வைத்திருந்த பழைய டேப்பைக் கெஞ்சி வாங்கிவந்தார். அட்டையில் குழுக்களின் பெயர்கள் வேரும் விழுதுமாகப் பின்னிக் கிடந்தன. அந்தோணிராஜைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு ஓடவிட்டார். தேன்கூடு, கல்மழை, கத்தல். அது முடிந்ததும் தேன்கூடு, கல்மழை, கத்தல். மறுபக்கமும் திருப்பிப் போட்டார்கள். எல்லாம் ஓடி முடிந்தது.

"ஏல, இதுல ஒன்னோடது எது?" என்று கேட்டார் அந்தோணிராஜ்.

சுடலைக்கண்ணு டேப்பைப் பின்னுக்குச் சுற்றினார். ஒரு பாட்டைக் கொஞ்சம் கேட்டார், நிறுத்தினார். இன்னொன்றைக் கேட்டார், நிறுத்தினார். கடைசியில், இருப்பதில் கொஞ்சம் நன்றாக இருந்த ஒன்றைக் காட்டி, இதுதான் என்றார். இன்றுவரை அதையே தன்னுடையது என்று சொல்லிவருகிறார். மறுப்பதற்கு யாரும் வரவில்லை.

சிரிக்கிறீர்கள். நல்லது, நன்றாகச் சிரியுங்கள். முகத்தில் மை பூசுவதும் கருவேலங்காட்டில் நிற்பதும் உங்கள் வழக்கமில்லை; நீங்கள் உங்கள் பாணியில், உங்கள் ரசனையில், உங்கள் வார்த்தையில் வாழ்கிறவர். உங்கள் வீட்டுக் கூடமும், நீங்கள் எடுக்கும் படங்களும், பிள்ளைக்குத் தேடித் தேடி வைத்த பெயரும் வேறு யாருக்கும் கிடையாது. பள்ளிக்கூட வாசலில் அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டுப் பாருங்கள். எத்தனை பிள்ளைகள் திரும்பினாலும், உங்கள் பிள்ளை எது என்று உங்களுக்கு மட்டுமாவது தெரிந்தால் சரி.