முப்பத்தோராம் பக்கம்

விழா தொடங்க ஒரு மணித்தியாலம் இருக்கும்போதுதான் றுமைஸுக்கு முப்பத்தோராம் பக்கம் ஞாபகம் வந்தது.

கற்பிட்டியில் கல்யாண வீடுகளைப் படம்பிடித்துப் பிழைக்கும் றுமைஸ், ஐந்து வருடமாகத் தோட்டங்களிலும் கடற்கரையிலும் பதுங்கிப் பதுங்கி எடுத்த படங்களைப் புத்தகமாக்கியிருந்தான். அதைப்பற்றிப் பேசக் கொழும்பிலிருந்து சிபானா என்ற விமர்சகர்கூட வந்தாயிற்று. முதற்பிரதி வாங்க இருந்தவர் திடீரென்று மக்காவுக்கு உம்றா யாத்திரை போய்விட, நேற்றுத்தான் மீராசாஹிப் ஹாஜியாரைக் கேட்டான். கேட்டு முடிக்குமுன் அவர் தலையாட்டிவிட்டார். பெரிய வெங்காயத் தோட்டக்காரர். றுமைஸின் ஸ்டூடியோ இருப்பதும் அவருடைய கட்டடத்தில்தான்.

முப்பத்தோராம் பக்கத்தில் அதே ஹாஜியார் வெங்காய மூட்டையில் தலைவைத்து, சாரம் முழங்காலுக்கு மேலே ஏறிக்கிடக்க, வாயைப் பிளந்தபடி கிடந்தார். ஓர் ஆடு அவருடைய சட்டைப் பையை மேய்ந்துகொண்டிருந்தது.

"மச்சான், மேடையில இதத் திறந்தாருண்டா நாளைக்குக் கடையக் காலி பண்ணச் செல்லுவாரு," என்றான்.

"பக்கத்தக் கிழிச்சிடு," என்றான் அறிவிப்பாளன் அஸாம்.

"கிழிச்சா மத்தப் பக்கமும் கழண்டு விழும்டா. தையல் போட்ட புத்தகம்."

"அப்ப ஒட்டிடு."

முப்பதையும் முப்பத்தொன்றையும் சேர்த்து ஒட்டினான். அதற்குப் பிறகுதான் அஸாம் சிறப்புப் பிரதிக்காரர்களின் பட்டியலை நீட்டினான். பதினெட்டுப் பேர். மேடைக்குக் கூப்பிட்டுச் சிறப்புப் பிரதி கொடுக்காவிட்டால், அவர்களில் ஒவ்வொருவரும் மகளின் கல்யாணத்துக்கு வேறு ஸ்டூடியோ பார்த்துவிடுவார். ஆகவே பதினெட்டையும், சிபானாவுக்குக் கொடுக்க வைத்திருந்த பிரதியையும் ஒட்டினார்கள். கம் தீர்ந்து, கடைசி ஐந்துக்குக் கோதுமை மாவில் பசை காய்ச்ச வேண்டியதாயிற்று.

முதற்பிரதி கைமாறியது. பதினெட்டுப் பேரும் வரிசையாக ஏறிச் சிரித்துப் படமெடுத்து இறங்கினார்கள். றுமைஸுக்கு மூச்சு வந்தது. ஹாஜியார் மட்டும் கதிரையில் உட்கார்ந்து, முன்னிருந்து பின்னாகவும் பின்னிருந்து முன்னாகவும் புரட்டிக்கொண்டேயிருந்தார்.

அப்போது சிபானா எழுந்தார்.

"இந்நூலின் உச்சம், திறக்க முடியாத இந்த ஒரு பக்கம்தான்!" என்று புத்தகத்தை உயர்த்திப் பிடித்தார். "நாம் பார்க்கக்கூடாத ஒன்றைக் கலைஞர் இங்கே மறைத்துவைத்திருக்கிறார்!"

சபையில் பதினெட்டுப் புத்தகமும் ஒரேயடியாகத் திறந்தன.

"பார்க்கக்கூடாததா? கூடாத படமோ?"

"பொம்புளைட படமா இரிக்கும்."

"பள்ளிவாசல் நிருவாகத்துக்கு யாராச்சும் போன் எடுத்துச் செல்லுங்க!"

நண்பனைக் காப்பாற்ற அஸாம் மைக்கைப் பறித்தான். "சகோதரர்களே, கூடாத படமொண்டும் இல்ல! அது நம்மட ஹாஜியார்ட படம்தான்!"

மண்டபம் இன்னும் மோசமாகக் கிசுகிசுத்தது.

ஹாஜியார் பக்கங்களுக்கிடையே நகத்தைக் கொடுத்து ஒரே இழுப்பாக இழுத்தார். ஆடு மட்டும் முழுசாக வந்தது. அவருடைய முகம் முப்பதாம் பக்கத்தோடு ஒட்டிக் கிழிந்து போய்விட்டது. அவர் கிழிந்த இடத்தை விரலால் தடவினார்.

றுமைஸ் ஓடிப்போய்க் காலடியில் குந்தினான். "ஹாஜியார், மன்னிச்சுக்கங்க. நீங்க அசந்து தூங்குற நேரம் கேக்காம எடுத்தது என்ட பிழதான். ஊர் சிரிச்சிடுமேண்டுதான் ஒட்டினன்."

முன்வரிசையிலிருந்து ஹாஜியாரின் மனைவி பளீலா எழுந்தார்.

"தூக்கமா? போஸ் குடுத்தா நீங்க எடுக்க மாட்டீங்களாம்ண்டு கேள்விப்பட்டு, இந்த மனுசன் மூணு நாளா அந்த மூட்டையில வாயத் திறந்துகொண்டு நீங்க வருவீங்கண்டு பாத்துக் கிடந்தாரு, தம்பி!"