வெள்ளிக்குக் கீழே ஒரு வால் நட்சத்திரம்

கண்ணால் பார்க்காததைப் பார்த்த மாதிரியே விளக்கும் தைரியம் அறிவியல் டீச்சர்களுக்குக் கொஞ்சம் கூடுதல். எனக்கு அது அளவுக்கு மீறியே இருந்தது.

கொழிஞ்சாம்பாறைப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் நான் வேலைக்குச் சேர்ந்த முதல் வருடம். விடிவெள்ளிக்குப் பக்கத்தில் மங்கலாக ஒரு வால் நட்சத்திரம் வந்திருக்கிறது, படம் பிடித்து அசெம்பிளியில் காட்டுகிறேன் என்று ஏழாம் வகுப்பில் அளந்துவிட்டேன். அடுத்த நாலு நாளும் மேகம். "இன்னைக்குங்களா டீச்சர்?" என்று பிள்ளைகள் தினமும் கேட்டார்கள். ஸ்டாஃப் ரூமில் சிரிப்பு கூடிக்கொண்டே போனது. ஐந்தாம் நாளும் கோட்டை விட்டால், அப்புறம் பூமி உருண்டை என்று சொன்னால்கூட ஒரு பிள்ளையும் நம்பாது.

அன்று விடியுமுன் வானம் தெளிந்திருந்தது. நாத்தனாரிடம் கெஞ்சி வாங்கிய கேமராவோடு, வீட்டுக்காரரையும் எழுப்பிக்கொண்டு மொட்டை மாடிக்குப் போனேன். கிழக்கே தென்னந்தோப்புக்கு மேல் வெள்ளி பளீரென்று நின்றது.

"வெள்ளி தெரியுது. வேற ஒண்ணையுங் காணமே, புள்ள?" என்றார்.

"வெறுங்கண்ணுக்குத் தெரியாதுங்க. கேமராவுக்குத்தான் தெரியும்." (என்ன ஒரு ஞானம்!)

கேமராவைத் தண்ணீர்த் தொட்டி மேல் வைத்து, வெள்ளியையே பார்த்தபடி ஷட்டரைப் பத்து விநாடி திறந்துவைத்து எடுத்தேன். வெள்ளிக்குக் கீழே மங்கலாக ஒரு புள்ளி, அதிலிருந்து மேல்நோக்கி ஒரு வால்! வால் சூரியனுக்கு எதிர்ப்பக்கம்தான் நீளும், புத்தகத்திலேயே இருக்கிறது. சந்தோஷத்தில் எனக்கு அழுகையே வந்துவிட்டது.

அசெம்பிளியில் படத்தைத் திரையில் போட்டேன். பனியும் தூசியும் சேர்ந்த உருண்டை, கோடிக்கணக்கான கிலோமீட்டருக்கு அப்பால் இருக்கிறது என்று விளக்கினேன். ஹெச்.எம். எழுந்து நின்று கை தட்டினார். அப்போது ஏழாம் வகுப்பு வரிசையிலிருந்து ஒரு பெண் கை தூக்கினாள்.

"டீச்சர், அது எங்கப்பாங்க."

"எது?" என்றேன்.

"உங்க ஊட்டுக்குக் கெழக்க தோப்புல கள்ளெறக்கறாருங்க. விடியறதுக்கு முன்னாடி நெத்தியில லைட்டுக் கட்டிக்கிட்டு ஏறுவாருங்க. இது எறங்கறப்பங்க."

படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். பனியும் தூசியும் சேர்ந்த உருண்டையின் குறுக்கே ஒரு தென்னோலை கிடந்தது. அந்தப் பத்து விநாடியில் அவர் விளக்கோடு இறங்கிய தூரம்தான் வால். பூமி பிளந்து என்னை விழுங்கியிருக்கலாம், விழுங்கவில்லை.

மறுவாரம் அந்த அப்பாவே பள்ளிக்கூடத்துக்கு வந்துவிட்டார். சண்டைக்குத்தான் என்று நினைத்து எழுந்து நின்றேன். "அந்தப் படத்துல ஒரு காப்பி கெடைக்குங்களா, டீச்சர்? இத்தன வருசமா மரமேறறேன், ஒருத்தரும் என்னையப் படம் புடிச்சதில்லீங்க" என்றார் கூச்சத்தோடு. சட்டம் போட்டே கொடுத்தேன்.

எங்கள் வீட்டில் இப்போது விடிந்ததா என்று யாரும் கடிகாரம் பார்ப்பதில்லை. வீட்டுக்காரர் ஜன்னல் வழியே தோப்பை எட்டிப் பார்த்துவிட்டுக் குரல் கொடுப்பார்: "ஏம்புள்ள, வால் நட்சத்திரம் நாலாவது மரத்துக்குப் போயிருச்சு. எந்திரி!"