தொள்ளாயிரத்துப் பத்தடி ஆழத்தில் ஒரு கடிகாரம்

திருத்தணி,
செவ்வாய்க்கிழமை.

மதிப்பிற்குரிய மாப்பிள்ளை முருகவேல் அவர்களுக்கு,

மாமனார் பரசுராமன் எழுதுவது. முருகன் புண்ணியத்தில் நானும் உங்கள் அத்தையும் சுகம். மூட்டு வலியை இதில் சேர்க்கவில்லை. புனேவில் நீங்களும் ஷாலினியும் குழந்தையும் எங்களைவிடச் சுகமாக இருக்க வேண்டும். போனிலேயே சொல்லியிருக்கலாம். ஆனால் நீங்கள் ஸ்பீக்கரில் போட்டுப் பேசுவீர்கள், ஷாலினி காதில் விழும், அரை மணி நேரத்தில் அது அவள் அம்மாவுக்கு வந்துவிடும். படித்ததும் கிழித்துவிடவும்.

நீங்கள் அனுப்பிய கைக்கடிகாரம் பத்திரமாக வந்து சேர்ந்தது. தற்சமயம் அது ஆர்.கே.பேட்டை நிலத்துப் போர்வெல்லில், தொள்ளாயிரத்துப் பத்தடி ஆழத்தில் இருக்கிறது.

பதற வேண்டாம், முதலிலிருந்து சொல்கிறேன். அப்பாவின் அறுபதாம் கல்யாணத்துக்குப் பரிசு, பள்ளிப்பட்டுக்கு அனுப்பினால் அவரே பிரித்துவிடுவார், அதனால் உங்கள் வீட்டில் இருக்கட்டும், பெட்டியை மட்டும் திறக்காதீர்கள் மாமா என்றீர்கள். பஸ் ஸ்டாண்டில் முப்பத்திரண்டு வருஷம் டைம் கீப்பராக இருந்தவன் வீட்டுக்குக் கடிகாரத்தை அனுப்பிவிட்டு இப்படிச் சொல்வது நியாயமா? மூன்று நாள் அடக்கிக்கொண்டேன். நாலாம் நாள் திறந்தேன். கடற்படையில் முக்குளிக்கும் வீரர்களைக் கௌரவிக்க ஐநூறே ஐநூறு செய்தார்களாம், நம்முடையது இருநூற்றுப் பத்தொன்பதாம் எண். பின்பக்கம் செம்புத் தலைக்கவசம் போட்ட ஒரு ஆள். முகப்பைச் சுற்றி ஒரு வளையம், இடப்பக்கம் மட்டும்தான் திரும்புகிறது. ஏன் என்று ஒரு ராத்திரி முழுக்க யோசித்தேன். தண்ணீருக்குள் எங்காவது இடித்து நகர்ந்தாலும், மூச்சுக்கு மிச்சமிருக்கும் நேரத்தைக் குறைத்துத்தான் காட்டும், கூட்டிக் காட்டாது. ஆள் சீக்கிரம் மேலே வருவானே தவிரத் தாமதிக்க மாட்டான். இதைக் கண்டுபிடித்தவன் காலைத் தொட்டுக் கும்பிடலாம்.

அதோடு விட்டிருக்கலாம். முகப்பில் 'முந்நூறு மீட்டர்' என்று போட்டிருந்ததுதான் வினை. முந்நூறு மீட்டர் என்றால் தொள்ளாயிரத்து எண்பத்து நாலு அடி. நம் போர்வெல் ஆயிரம் அடி. மோட்டார் எரிந்துபோய், காயில் கட்டக் கழற்றிக் கொடுத்திருப்பதால் குழி வேறு திறந்து கிடந்தது. மாப்பிள்ளை, இப்படி எல்லாம் கூடி வந்தால் மனுஷன் என்ன செய்வான்? கடற்படையில் இருபது வருஷம் கடலுக்கடியில் வேலை பார்த்த உங்கள் அப்பாவுக்கு, சொன்ன ஆழம் தாங்குமா என்று பார்க்காமல் கொடுக்கலாமா? அம்மையார்குப்பத்தில் விசைத்தறி வைத்திருக்கும் என் மச்சான் பாலமுருகனிடம் காற்றாடி விட என்று சொல்லி நூல் வாங்கி, நாலு புரியாக முறுக்கி, பத்தடிக்கு ஒரு முடிச்சுப் போட்டு இறக்கினேன். தொண்ணூற்றோராவது முடிச்சில் நின்றது. கீழேயும் போகவில்லை, மேலேயும் வரவில்லை. பாறை இடுக்கில் மாட்டிக்கொண்டது. இன்னும் பலமாக இழுத்தால் நூல் அறுந்துவிடும்.

நூல் முனையை வேப்பமரத்தில் கட்டிவிட்டு இரண்டு நாளாகக் காவல் இருக்கிறேன். சோறு கொண்டுவந்த உங்கள் அத்தை, "நூலப் புடிச்சிகினு இன்னா பண்றீங்க?" என்று கேட்டாள். தண்ணீர் மட்டம் பார்ப்பதாகச் சொன்னேன். நம்பாமல் என் நெற்றியைத் தொட்டுப் பார்த்துவிட்டுப் போனாள்.

ஒன்றரை வருஷம் காத்திருந்து வாங்கினீர்கள். அப்பா அந்த வேலையைப் பற்றி வீட்டில் ஒரு வார்த்தை பேசியதில்லை, இதைப் பார்த்தாவது பேசுவாரா மாமா என்று அன்றைக்குக் கேட்டீர்களே, அது நினைவு வரும்போதெல்லாம் எனக்கு அழுகை வருகிறது. விழாவில் பரிசு எங்கே என்று யாராவது கேட்டால் கூரியர் தாமதம் என்று சொல்லிச் சமாளியுங்கள். சம்பந்திக்கு மட்டும் விஷயம் தெரியவே கூடாது. தெரிந்தால் அவர் முகத்தில் என்னால் விழிக்க முடியாது. கடிகாரம் வந்துவிட்டால் முந்நூற்று அறுபத்தைந்து படியும் ஏறி மொட்டை போட்டுக்கொள்வதாக வேண்டியிருக்கிறேன். இனி உங்கள் பொருள் எதையும் தொட மாட்டேன், இது சத்தியம்.

தணிகைமலையான் உங்களுக்கு நீண்ட ஆயுளும், இதைத் தாங்கும் மனசும் கொடுக்கட்டும். ஷாலினிக்கு என் ஆசி. கடிதம் எதற்கு என்று கேட்டால் சொல்ல வேண்டாம்.

இப்படிக்கு,
தலைகுனிந்து,
பரசுராமன்.

பின்குறிப்பு: கடிதத்தை ஒட்டும் நேரத்தில் சம்பந்தியே நிலத்துக்கு வந்துவிட்டார். பத்திரிகை வைக்கும் பட்டியல் பற்றிப் பேச வந்தவரை உங்கள் அத்தை இங்கே அனுப்பியிருக்கிறாள். அவர் கேட்டதும் எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். திட்டவில்லை. நூலை இரண்டு விரலில் பிடித்துக் கண்ணை மூடிக்கொண்டார். "மேல இருக்கறவன் அவசரப்பட்டு இழுக்கக் கூடாதுங்க சம்பந்தி. கீழ இருக்கறவன் சொன்னாதான் இழுக்கணும்" என்றார். தளர விட்டார், சுண்டினார், காத்திருந்தார். கால் மணி நேரத்தில் வந்துவிட்டது. ஒரு நொடி பிசகாமல் ஓடுகிறது. கையில் கட்டிக்கொண்டு, கடலுக்கடியில் எவ்வளவு இருட்டாக இருக்கும், தான் முக்குளிக்கும்போது மேலே கயிற்றைப் பிடித்திருந்த ஆனந்தன் யார் என்றெல்லாம் இரண்டு மணி நேரம் சொன்னார்.

விழாவில் காலிப் பெட்டியைக் கொடுங்கள், ஆச்சரியப்படுவதாக ஒப்புக்கொண்டிருக்கிறார். ஆனால் நூலில் கடைசி முப்பது முடிச்சுதான் நனைந்திருந்ததாம், அதற்கு மேலே வெறும் குழி. முந்நூறு அடித் தண்ணீர் எல்லாம் ஒரு சோதனையா என்று கேட்டுவிட்டு, தண்ணீர் மேலாக நிற்கும் போர்வெல் எங்கே இருக்கிறது என்று பக்கத்து நிலத்தில் விசாரிக்கப் போயிருக்கிறார். வரும்போது ஆயிரம் அடி நல்ல நைலான் கயிறு வாங்கி வரவும். அளவு உங்கள் அப்பா சொன்னது.