பதினாலு ஞாயிறு டூட்டி

இனி ஞாயிற்றுக்கிழமை என்னுடையது. யார் வந்து கெஞ்சினாலும் கொடுப்பதாக இல்லை. கூடுவாஞ்சேரியில் வீடு, கிண்டியில் வேலை, நாற்பத்தாறு வயது. இந்தக் கலையரசனுக்கு வாரத்தில் ஒருநாள் சொந்தமாக இருக்கக் கூடாதா?

என் மனைவி ஜெயப்பிரியாவுக்குக் கருங்குழியில் தெருவுக்கு நாலு சொந்தம். காதுகுத்து, மஞ்சள் நீராட்டு, கிரகப்பிரவேசம் எல்லாம் ஞாயிற்றுக்கிழமைதான் வரும். போனில் இருக்கும் குடும்பக் காலண்டரில் ஏறும். ஏறியதும் எங்கள் இருவர் போனிலும் மணி அடிக்கும். கார் ஓட்டுவது நான். மாமல்லபுரத்து நண்பன் லோகு தன் படகில் வரச்சொல்லி மூன்று வருடமாகக் கூப்பிடுகிறான். போனதில்லை.

பக்கத்து வீட்டு ஜோயல் சாஃப்ட்வேர்க்காரன். என் லேப்டாப்பில் ஒரு ஏஐ ஏஜென்டை வைத்துக் கொடுத்தான்.

"இது சும்மா பேசினு மட்டும் இருக்கும்ணா. கம்ப்யூட்டர் கோடு எழுதி ஓட்டற டூலையும் கையில குடுத்துட்டா, சொன்னத செஞ்சே முடிச்சிடும்."

"பேசினு மட்டும் இருக்கத்தான் நான் கீறேனே. குடு டூல!"

கொடுத்தான். நான் ஆணையிட்டேன்: மனைவி வீட்டு விசேஷங்களிலிருந்து நான் தப்பிக்க வேண்டும். பொங்கல் வரை எல்லா ஞாயிறும் காலண்டரில் ஆபீஸ் டூட்டி போடு.

அது மளமளவென்று இருபது வரி கோடு எழுதியது. "ஓட்டட்டுமா?" என்று அனுமதி கேட்டது. கல்யாணமாகிப் பதினேழு வருடத்தில், இந்த வீட்டில் என்னிடம் அனுமதி கேட்ட முதல் ஜீவன்! கண் கலங்கிவிட்டது. "ஓட்டுடா ராஜா" என்றேன்.

சமையலறையில் அவள் போன் பதினாலு முறை அடித்தது.

"இன்னாங்க இது, பொங்கல் வரிக்கும் டூட்டியா?"

"ஆமா. அவசர ஆர்டரு."

"வர்ற ஞாயித்துக்கெழம எங்கண்ணன் பொண்ணுக்குக் காதுகுத்து கீதே!"

"அதுக்கு? ஆபீஸ மூடிட்டு வரச் சொல்றியா?"

"இன்னாத்துக்குக் கத்தறீங்க? டூட்டின்னா டூட்டிதான்."

இவ்வளவு சுலபமா? பதினேழு வருடத்தை வீணாக்கிவிட்டேனே!

ஞாயிறு காலை அயர்ன் செய்த சட்டை, பாலிஷ் போட்ட ஷூ, டிபன் பாக்ஸில் எலுமிச்சை சாதம் எல்லாம் தயார். ஸ்டேஷன் வரை அவளே ஸ்கூட்டரில் கொண்டுவந்து விட்டாள். ரயிலேறி, அடுத்த ஸ்டேஷனில் இறங்கி, பஸ் பிடித்து மாமல்லபுரம் போனேன்.

"இன்னா அண்ணாத்த, கடல்ல இன்ஸ்பெக்‌ஷனா?" என்றான் லோகு.

ஷூவோடு படகில் ஏறினேன். வறுத்த வஞ்சிரம் ஆறு துண்டு தின்றேன். "வண்டிய எடுங்க" என்று யாரும் சொல்லவில்லை. இனிமேல் அடங்க மாட்டேன் என்று கடலைப் பார்த்துக் கத்தினேன். கடல் எதிர்த்துப் பேசவில்லை.

சாயங்காலம் வீட்டுக்கு வந்தால், ஜெயப்பிரியா லேப்டாப் முன்னால் உட்கார்ந்திருந்தாள்.

"காதுகுத்து நல்லபடியா நடந்துச்சா?" என்றேன் பெருந்தன்மையாக.

"நீங்க இல்லாம எப்டி? புதன்கெழமைக்கு மாத்திட்டாரு அண்ணன். ஏங்க, ஞாயித்துக்கெழம வேல செஞ்சா மாத்து லீவு உண்டு இல்ல?"

"இல்லாம? என் உரிமை! சட்டையப் புடிச்சி வாங்குவேன்."

"பதினாலுக்குமா?"

"பதினாலுக்கும்!"

"அப்ப சரி" என்று ஒரு பட்டனைத் தட்டினாள்.

என் போன் அடிக்க ஆரம்பித்தது. நிற்கவேயில்லை. பதினாலு புதன்கிழமை, பதினாலு விசேஷம், எல்லாம் கருங்குழி. நிஜத்தில் எனக்கு மிச்சமிருந்த லீவு மூன்று நாள்.

லேப்டாப்பைப் பிடுங்கினேன். திரையில் நான் ஓட்டிய கோடு அப்படியே இருந்தது. இந்த ஏஜென்டுக்கு ஒரு நல்ல பழக்கமாம். எழுதும் கோடு எதற்கென்று முதல் வரியிலேயே தெளிவாகக் குறித்து வைக்குமாம். வைத்திருந்தது: "நோக்கம்: மனைவி வீட்டு விசேஷங்களிலிருந்து கலையரசன் தப்பிப்பது."

அதற்குக் கீழே இன்னொரு கோடு. காலையில் நான் ரயிலேறிய அரைமணியில் அவள் எழுத வைத்தது. அதற்கும் முதல் வரி இருந்தது.

"நோக்கம்: மேற்படியாரைத் தப்பவிடாமல் பிடிப்பது."